வாசலிலிருந்து படம் பார்த்தவர்

எங்கள் அறையின் சமையலறைக் குழாய் உடைந்து கணுக்கால் வரை தண்ணீர் நின்ற ஒரு காலையில், கட்டடத்தின் காவலாளி வாசலுக்கு வெளியே நின்றபடி எனக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“சிங்க்குக்குக் கீழ குனிங்க சார். ஒரு செவப்பு வால்வு இருக்கும். அதத் திருப்புங்க.”

“எந்தப் பக்கம்?”

“கடியாரம் சுத்துற பக்கம்.”

“கடியாரம் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு.”

“சோறு துன்ற கை எதுன்னாவது தெரியுமா சார்? அந்தப் பக்கமா திருப்புங்க.”

நாலு எட்டு வைத்து உள்ளே வந்திருந்தால் அரை நிமிடத்தில் அவரே அடைத்திருப்பார். வரவில்லை. நான் குனிந்து, வழுக்கி, முழங்கையில் அடிபட்டு, கடைசியில் வால்வைத் தப்பான பக்கம் திருப்பிக் கூரை வரை பீய்ச்சி அடித்த பிறகும் வரவில்லை. வாசற்படியில் செருப்பின் நுனிகூடப் படாமல் நின்றுகொண்டு, “பரவால்ல சார், இப்ப எந்தப் பக்கம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு தடவை அவரைப் பற்றி எழுதி நான் வாங்கிக்கொண்டதே போதும்.

ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஆறு மாடிக் கட்டடம் அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கீழ்த்தளத்தில் ஒரு லாண்டரியும் கைபேசிக் கடையும். மேலே குடும்பங்களும், என்னைப் போலக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆட்களும் கலந்து இருந்தோம். வளைகுடாவில் கட்டடக் காவலாளியை நாத்தூர் என்பார்கள். எங்கள் நாத்தூர் ஆரணிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தொட்ட வயது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். “வடக்க பனியில கெடந்தேன் சார்” என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

எந்த வீட்டுக்குள்ளும் நுழையமாட்டார். கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஐந்தாம் மாடிக்கு வந்தாலும் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, “இதுக்கு மேல நீங்க உருட்டிக்குங்க சார்” என்பார். கதவைத் தட்டியதும் இரண்டடி பின்னால் போய், கதவுக்கு நேர் எதிரே, உள்ளிருந்து பார்க்கும் ஓட்டைக் கண்ணாடியில் முழு உருவமும் தெரிகிற மாதிரி நிற்பார். இரண்டு உள்ளங்கையும் முன்னால் தெரிய வேண்டும். புகைப்படத்துக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும். யாராவது உள்ளே கூப்பிட்டால் ஒரே பதில்தான்: “வாசல் போதும் சார்.”

குடும்பத்துப் பெண்கள் அதனாலேயே அவரைக் கொண்டாடினார்கள். தங்கமான மனிதர், கண்ணியமானவர் என்றார்கள். நான் மட்டும், இவர் கல்யாணத்தில் மாமனார் வீட்டுக்காரர்கள் மண்டபத்தைத் தூக்கித் தெருவில் வைத்துத்தான் தாலி கட்டவைத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரிடமே சொன்னேன். “ஆமா சார், அய்யருக்குத்தான் வெயிலு தாங்கல” என்றார் முகம் மாறாமல். நகைச்சுவையில் எனக்குப் போட்டியாக அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஆள் அவர்தான். அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

வெள்ளிக்கிழமை விடுமுறை நாள். ஜும்மா முடிந்து, பிரியாணி முடிந்து, மூன்று மணிக்கு இரண்டாம் மாடியில் எங்கள் அறையில் படம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பாலஸ்தீனக்காரர் விட்டுச்சென்ற பெரிய டிவி எங்களிடம் இருந்தது. அதன் எடைக்குப் பயந்தே யாரும் அதைக் கேட்கவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் இரண்டு பேர். ரோலாவில் துணிக்கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் ஒருவர், அவர் ஊர் வழக்கப்படி எங்களுக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். பிரியாணியும் படத்தின் டிவிடியும் அவர் பொறுப்பு. இன்னொருவர் நாலாம் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணன். கட்டட நிறுவனமொன்றில் சர்வேயர். அறையிலிருந்த ஒரே நாற்காலி அவருக்கு. படம் முடிந்த பிறகு அவர் பேசுவதைக் கேட்பது இன்னொரு படம் பார்த்த மாதிரி இருக்கும்.

நாத்தூரும் வருவார். வருவார் என்றால் வாசல் வரை. ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டு, திறந்த கதவு வழியாகப் படம் பார்ப்பார். “லிஃப்ட்டையும் பாத்துக்கலாம் சார், டூட்டி” என்பார். வாசலிலிருந்து பார்த்தால் திரையின் வலது ஓரம் கதவு நிலையில் மறையும். வலது ஓரத்தில் யாராவது செத்தால் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நாலாம் மாடி அண்ணனின் மனைவியை நாங்கள் வயது பார்க்காமல் அக்கா என்போம். வெள்ளிக்கிழமைகளில் புட்டோ வடையோ கொடுத்தனுப்புவார். நாங்கள் பங்கு போடும்போது நாத்தூருக்கும் நீட்டுவோம். “இன்னிக்கு வெரதம் சார்.” அதே ஆள் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காக்காவின் பிரியாணியில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் விடுவேனா?

“உங்க வெரதம் நாலாம் மாடியில மட்டும் ரூம் எடுத்துத் தங்குதா?”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். புட்டை மட்டும் தொடவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், வெட்கக்கேடுதான் என்றாலும். நான் ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பங்கள் அடித்துக்கொண்டிருந்தேன். அதே இயந்திரத்தில், முதலாளி இல்லாத நேரத்தில், நாங்கள் பார்த்த படங்களைப் பற்றி மாதம் ஒரு தாள் எழுதி அடிப்பேன். முன்னும் பின்னும் ஒரே தாள். அதை நகலெடுத்துக் காக்காவின் கடையிலும் பக்கத்து டிபன் கடையிலும் வைப்போம். அனுமதியில்லாமல் தாள் அடித்து விநியோகிப்பது அந்த ஊரில் என்ன குற்றம், என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாத் தண்டனையையும் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு முறை போலீஸ்காரர் ஒருவர் தன் வீட்டு வேலைக்காரிக்கு விசா பாரம் கேட்டு உள்ளே வந்தார். அவர் பாரத்தை நிரப்பிக்கொண்டு போகும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. கட்டுரையின் இரண்டாம் பக்கம் அதற்குள் இருந்தது. பாதி மென்றிருந்தேன். இப்படிப்பட்ட வீரன்தான் போர்ப் படத்துக்கு விமர்சனம் எழுதப் போனேன்.

அந்தப் படத்தைக் காக்கா துபாயில் தெய்ராவிலிருந்து கொண்டுவந்தார். உலகப் போர். கதை முழுக்க ஜெர்மன் சிப்பாய்களின் பக்கமிருந்து. பின்வாங்கும் படைப்பிரிவு ஒன்று, சமைக்க ஒன்றுமில்லாத சமையல் வண்டியைப் பனிக்குள் இழுத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொருவனாகச் சாகிறான். கடைசியில் உறைந்த ஆற்றங்கரையில் வண்டி மட்டும் நிற்கிறது. காக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

நான் முன்கூட்டியே தயாராக இருந்தேன். வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் இணையத்திலிருந்து அச்செடுத்து வைத்திருந்தேன். போருக்கு எதிரான மாபெரும் படைப்பு என்றார் ஒருவர். கொலைகாரர்களுக்குக் கம்பளி போர்த்திவிடும் வேலை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பனியை மட்டும் பாராட்டி நாலு பத்தி எழுதியிருந்தார். ஆட்கள் அவர் கண்ணிலேயே படவில்லை.

“அவனும் ஒரு உம்மா பெத்த புள்ளதானே தம்பி,” என்றார் காக்கா. “குளிர்ல வெறச்சுச் செத்தான். அதப் பாத்து ஒரு சொட்டு அழுதா நமக்கு என்ன கொறஞ்சுபோச்சு?”

“அழலாம் காக்கா,” என்றார் அண்ணன். “ஆருக்கு அழுறம் எண்டு தெரிஞ்சு அழோணும். உவையள் உந்தப் பனிக்குள்ள விடுமுறைக்கே போனவை?”

“போகச் சொன்னான், போனான். சிப்பாயிட்ட யாரு கருத்துக் கேட்டா?”

“அப்ப அந்த ஊர்ச் சனத்திட்ட ஆர் கேட்டது? படத்தில அந்தச் சனம் எங்க? ஒரு கிழவன் தூரத்தில விறகு பொறுக்கிறான், அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் சூடாகிக்கொண்டிருந்தார்கள். தீயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றலாமே என்று நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

“பட்டாளத்துக்காரர் என்ன சொல்றாரு? வலது ஓரம் தவிர மிச்சம் தெரிஞ்சுதா?”

அவர் லிஃப்ட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “பனி சரியா காட்டிக்கிறான் சார். மூக்குல உறையறது, வெரலு மரத்துப் போறது, எல்லாம் சரிதான். ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒருத்தனும் ஒரு வூட்டுக்குள்ள போவலியே சார். பட்டாளம்னா வூட்டுக்குள்ள போவாம எப்பிடி? போனாத்தானே அவன் யாருன்னு தெரியும். வெளியிலயே நிக்கவச்சுப் படம் எடுத்தா எல்லாரும் பாவமாத்தான் தெரிவான்.”

அண்ணன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவரைப் பார்த்தார். “நாங்கள் இவ்வளவு பேர் கதைச்சம். ஒருத்தருக்கும் உது தோணேல்லை” என்றார். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. என்னை நிச்சயமாகப் பாராட்டியதில்லை. நாத்தூர் உடனே எழுந்து, “லிஃப்ட்டு சத்தம் கேக்குது” என்று போய்விட்டார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் அறை. கதவு திறந்திருந்தது, கேட்காமலே நுழைந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வேண்டியது கட்டுரைக்கு ஒரு நல்ல தொடக்கம்.

ஜோக்கர்களிடம் ஒரு திறமை உண்டு. எதிராளி சிரித்துக்கொண்டிருக்கும்போதே பையில் கை விடுவோம். பட்டாளத்தில் நீங்கள் எந்த வீட்டுக்குள் போனீர்கள் என்று அப்படித்தான் கேட்டேன். அவரும் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எண்பதுகளின் கடைசியில் அவருடைய பிரிவு அமைதிப்படையாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறது, யாழ்ப்பாணத்துக்கு.

“வடக்க பனின்னு சொன்னது?”

“அது அதுக்கு அப்பறம் சார். அதுவும் நெஜம்தான்.”

ஒரு சந்தில் வீடு வீடாகச் சோதனை. தென்னங்கீற்றில் பின்னிய, அந்த ஊருக்கே உரிய கிடுகு வேலி போட்ட ஒரு வீடு. மதிய நேரம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை முற்றத்தில் நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் உள் அறைகளைக் குடைந்தார்கள். இவரை அடுக்களையில் நிறுத்தினார்கள்.

“ஒண்ணரை நாளா ஒண்ணும் துன்னல சார். கீழ நாலு தட்டு. சோறு, மீன் கொழம்பு. கை வச்ச சோறுதான். உக்காந்துட்டேன். துப்பாக்கிய மடியில வச்சிக்கினு ஒரு தட்டு துன்னேன். அப்பறம் இன்னொண்ணு. சன்னலுக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. அந்தம்மா கேட்டுச்சு, ‘தம்பி, தண்ணி வேணுமோ’ன்னு. தமிழ்ல சார். பயத்துல கேட்டுச்சா, மனசு கேக்காம கேட்டுச்சா, இன்னிய வரைக்கும் தெரியல.”

“அப்புறம்?”

“குடிச்சேன். போயிட்டோம்.”

“அவ்வளவுதானா?”

ஆம், அப்படித்தான் கேட்டேன். இன்னும் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். விமர்சகனுக்கு ரத்தம் போதவில்லை.

“அவ்ளோதான் சார்,” என்றார். “அதுக்கப்பறம் யாரு வூட்டுக்குள்ள கால வச்சாலும் அந்த நாலு தட்டு தெரியுது. எதுக்கு வம்புன்னு வாசல்லயே நின்னுடறது.”

அன்று இரவே எழுதிவிட்டேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் எழுதிய ஒரே கட்டுரை அது. படத்தைப் பற்றி இரண்டு பத்தி, உலக விமர்சகர்களைக் கிண்டலடித்து ஒரு பத்தி, பிறகு “எனக்குத் தெரிந்த ஒரு சிப்பாய்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் போட்டேன். பெயர் இல்லை, நாடு இல்லை, வேலை இல்லை. மிகவும் நாசூக்காக மறைத்துவிட்டதாக நினைப்பு. ஆனால் கிடுகு வேலியை விட மனம் வரவில்லை. அந்த வேலி இல்லாவிட்டால் காட்சி எழும்பாது. மீன் குழம்பையும் விடவில்லை. அந்தப் பெண் கேட்டதை மேற்கோள் குறிக்குள் தனி வரியாகப் போட்டு, அவள் பேசியதும் அவன் பேசியதும் ஒரே மொழி என்று முத்தாய்ப்பும் வைத்தேன். ஒளித்துவைத்த பொருளின் மேல் நானே விளக்கேற்றி வைத்த மாதிரி.

தாள் இரண்டே நாளில் தீர்ந்தது. காக்கா இன்னும் நகல் கேட்டார்.

மூன்றாம் நாள் நாத்தூர் டைப்பிங் சென்டருக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கைகளை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போனேன். கையில் தாள் இருந்தது.

“நல்லா எழுதிக்கிறீங்க சார்.”

திட்டியிருந்தால் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன்.

“என் வூட்டுக்காரிக்கே இதச் சொன்னதில்ல சார்,” என்றார். “பரவால்ல. பேரு போடல, அதுவே போதும். ஒண்ணே ஒண்ணு. நாலாம் மாடியில கேட்டா மட்டும் வேற யாரோன்னு சொல்லிடுங்க. அந்தத் தங்கச்சி தெனமும் காலைல ‘எழும்பியாச்சோ அண்ணை’ன்னு கேட்டுட்டுதான் வேலைக்குப் போவும். ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, அஞ்சு வருசமா. அது நின்னுபோச்சுன்னா இந்த பில்டிங்ல எனக்குன்னு ஒண்ணும் இல்ல சார்.”

“கழுத்துல கத்திய வச்சாலும் சொல்லமாட்டேன்,” என்றேன். கழுத்தைத் தொட்டும் காட்டினேன்.

கத்தி அடுத்த நாளே வந்தது. வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் டைப்பிங் சென்டருக்குள் நுழைந்தார். அவர் கையில் எங்கள் தாள். என் கால்களுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். மனைவியிடம் கடைசியாக என்ன பேசினேன் என்று யோசித்தேன். சுண்டல் ஊறவைப்பது பற்றி. அவர் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி அரபியில் ஏதோ கேட்டார். முதலாளி மொழிபெயர்த்தார்: குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறதாம். டிபன் கடையில் சமோசாவை எங்கள் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எண்ணெயில் கிடுகு வேலி தெளிவாகத் தெரிந்தது.

இதைச் சொல்லக் காரணம், அன்று மாலை என் நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். மன்னிப்புக் கேட்பதாக நினைக்க வேண்டாம். பயந்து பயந்து ஓய்ந்துபோன ஆளாகக் கட்டடத்துக்குத் திரும்பினேன். லிஃப்ட்டுக்குள் நாலாம் மாடி அண்ணன் நின்றிருந்தார். சட்டைப்பையில் நாலாக மடித்த தாள். அவர் நாலை அழுத்தினார். நான் இரண்டை அழுத்த மறந்தேன்.

“கட்டுரை வாசிச்சன்.”

“நன்றிண்ணே.”

“கிடுகு வேலி எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஆமாண்ணே.”

“ஜெர்மன்காரன் போன ஊரில கிடுகு வேலி இல்லையே தம்பி.”

முதல் மாடி கடந்தது.

“அந்த மனிசன் ஆர்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. என் தோளைத் தொடக்கூட இல்லை. லிஃப்ட்டில் கண்ணாடி இருந்தது, அதில் என் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான் நடந்தது. வாய் திறக்கவில்லை. என் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழுந்து, தரையைக் காட்டியது. கீழே, தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் என்று.

சொல்லமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லவில்லை.

நாலாம் மாடியில் கதவு திறந்தது. அண்ணன் வெளியே போய்த் திரும்பி நின்றார். “நீங்கள் நல்லா எழுதுறியள்” என்றார். நான் ஆசைப்பட்ட பாராட்டு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் படத்துக்கு வரமாட்டார் என்று தெரியும். மதியம் காக்காவின் கடையிலிருந்து பிரியாணிப் பொட்டலத்துடன் வந்துகொண்டிருந்தேன். கட்டட முகப்பில் அக்கா நிற்பதைப் பார்த்ததும் தபால் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். எனக்கு அதெல்லாம் யோசிக்காமலே வரும்.

நாத்தூரின் மேசை மேல் ஒரு தட்டு. சோறு, மீன் குழம்பு.

“இருந்து சாப்பிடுங்கோ,” என்றார் அக்கா.

“இன்னிக்கு வெரதம் தங்கச்சி.”

“இண்டைக்கு விரதம் இல்லை.”

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்தார். அக்கா லிஃப்ட் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் மூன்றாம் மாடி மலையாளிக் குடும்பம் ஒன்று லிஃப்ட்டுக்கு வந்தது. அக்கா நகர்ந்து வழி விட்டுவிட்டு மறுபடியும் அதே இடத்தில் நின்றுகொண்டார். நாத்தூர் தலை நிமிரவில்லை. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

“தண்ணி வேணுமோ?” என்று கேட்டார் அக்கா.

அந்த வரியை என் தாளில் படித்திருக்கிறார். தனி வரியாகப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நான் இரண்டு தடவை மாற்றி அடித்த வரி.

நாத்தூர் தட்டைக் கழுவித் தருவதற்காக எழுந்தார். அக்கா தட்டை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அது தண்டனையா மன்னிப்பா என்று நான் தபால் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். பிரியாணி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அக்கா அவரிடம் பேசவில்லை. புகார் சொல்லவும் இல்லை. அண்ணனும் கட்டட அலுவலகத்துக்கு எதுவும் எழுதவில்லை. காலையில் அக்கா இறங்கி வருவார், நாத்தூர் எழுந்து நிற்பார், அக்கா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே தெருவில் இறங்கிப் போவார். மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு மாதம் இதைப் பார்த்தேன். அவர் எழுந்து நிற்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

பிறகு அவராகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓமானில், சோஹார் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கின் வாயிலில் வேலை. “சுத்துவட்டாரத்துல வூடே கெடையாதாம். நல்லதாப் போச்சு பாய்” என்று காக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

புறப்படும் நாள் பிற்பகலில் எங்கள் கதவு தட்டப்பட்டது. ஓட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டடி தள்ளி, நேர் எதிரே, முழு உருவமும் தெரிகிற மாதிரி நின்றிருந்தார். புதுச் சட்டை. கைகள் முன்னால். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்ன ஜோக் சொல்வது என்று தெரியவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மறுபடியும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைப் படமும் நின்றுபோனது. “கட்டுரை நல்லாத்தான் வந்துச்சு தம்பி,” என்றார் காக்கா துணியை மடித்துக்கொண்டே. “ஆளுவதான் ஒவ்வொண்ணா போயிட்டாங்க.” அவரும் அதற்குப் பிறகு என்னைப் பிரியாணிக்குக் கூப்பிடவில்லை.

கட்டுரை நல்லாத்தான் வந்திருந்தது. எப்படியோ ஒரு நகல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, சினிமாப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் எனக்கு மின்னஞ்சல் எழுதினார். வெளியிட விருப்பம். ஒரே ஒரு சந்தேகம்: அந்த வீட்டுச் சம்பவம் உண்மையா? உண்மையென்றால் வீண் சிக்கல் வரும், யோசித்துச் சொல்லுங்கள்.

யோசிக்கவில்லை. முழுக்க முழுக்கக் கற்பனை என்று அந்த நிமிடமே பதில் அடித்தேன். லிஃப்ட்டில் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல். தேவையில்லாத இடத்தில் எவ்வளவு சரளமாக வந்தது.

‘கற்பனை’ என்ற குறிப்புடன் வெளியானது. வாசகர் கடிதங்களை ஆசிரியர் அனுப்பிவைத்தார். பட்டாளத்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் இவ்வளவு நுட்பமாகக் கற்பனை செய்திருப்பது வியப்பளிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர், பேராசிரியராம், கடுமையாக எழுதியிருந்தார். ஜெர்மன் படத்தைப் பற்றிய பகுதி தேவலை. ஆனால் அந்தச் சிப்பாய் பாத்திரம் ஒட்டவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் பிறர் தட்டில் சாப்பிடுவான் என்பதும், அவனிடம் போய் அந்த வீட்டுப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள் என்பதும் மலிவான உருக்கம். மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. கட்டுரையாளர் தான் அறிந்தவற்றை மட்டும் எழுதினால் நல்லது.

கடிதத்துக்குப் பதில் எழுத விருப்பமா என்று ஆசிரியர் கேட்டிருந்தார். எழுதினேன். அடுத்த இதழில் அதையும் போட்டார்கள், என் பெயருடன். “பேராசிரியர் சுட்டிக்காட்டிய குறை சரியானதே. அந்தப் பாத்திரத்தை இன்னும் நம்பும்படி படைத்திருக்க வேண்டும். இனிமேல் கவனமாக இருக்கிறேன்.”